மீனுக்கு அம்மை போட்ட வீடு

எங்கள் வீட்டில் என்னை யாரும் சூப்பர்வைசர் என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பதவி ஒரு மீனுக்குப் போயிற்று. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கருநீல உடம்பு, சிவப்புத் துடுப்பு. ஃபைட்டர் மீன் என்று கடைகளில் சொல்கிற ஜாதி. தன் இனத்து ஆண் இன்னொன்றைக் கண்டால் கிழித்துவிடும் என்பதால் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஆகவே என் புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, அலமாரியின் நடுத்தட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது முன்பக்கம் வந்து நின்று, துடுப்பை விரித்து, சட்டையை ஒழுங்காக மாட்டியிருக்கிறேனா என்று பார்க்கும். பட்டன் மாறியிருந்தால் திரும்பிக்கொள்ளும். இது என் கற்பனை என்று மனைவி சொல்வாள். பட்டன் மாறியிருப்பது கற்பனை இல்லை என்றும் சொல்வாள்.

மீன் அவளுடையது. தேர்வாய் கண்டிகையில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் லைன் சூப்பர்வைசராக இருந்தாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்த இளம் பெண்கள். ஒருநாள் அந்த லைனே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. பெண்களை அனுப்பிவிட்டார்கள். நிரந்தர ஊழியர் என்பதால் என் மனைவியை மட்டும் இரும்புத் துண்டுகளைச் சுட்டுப் பதப்படுத்தும் உலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசி நாள் அந்தப் பெண்கள் சேர்ந்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி, இந்த மீனை அவள் கையில் கொடுத்தார்கள்.

"மேடம், நீங்க மொறைக்கிற மாரியே மொறைக்குது மேடம். அதான் வாங்கினோம்."

அப்படித்தான் மீனுக்குச் சூப்பர்வைசர் என்று பேர் வந்தது. பெண்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஒருத்தி சொந்த ஊரான பெரியபாளையத்துக்குத் திரும்பி, கோயில் பக்கத்தில் அக்காவின் பூக்கடையில் உட்கார்ந்தாள். இன்னொருத்தி ஸ்ரீபெரும்புதூரில் வேறு தொழிற்சாலை. ஒருத்திக்கு சூளூர்பேட்டைப் பக்கம் கல்யாணமாகி, பேச்சில் தெலுங்கு ஏறிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ஒன்றாக வீடியோ காலில் வருவார்கள். வந்ததும் முதல் பேச்சு இதுதான்: "மேடம், சூப்பர்வைசரக் காட்டுங்க."

என் மனைவி போனைத் தொட்டிக்கு நேராகத் திருப்புவாள். அவர்கள் கொஞ்ச நேரம் மீனைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் யாருக்குக் குழந்தை, யாருக்கு ஓவர்டைம், எந்த மாமியார் பேஜாரு என்ற விவரங்கள். மீனைப் பார்க்கத்தான் அவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஞாயிறு காலையில் தொட்டிக் கண்ணாடியை அவள் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் தெரியும். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் தொழிற்சாலையைத் துடைப்பதுபோல் துடைப்பாள். மீன் இல்லையென்றால் அந்த அழைப்பும் இல்லை என்பது அவள் கணக்கு.

ஒரு கார்த்திகை மாதம், விடாமல் மழை பெய்த வாரத்தில், மீன் துடுப்பை மடக்கிக்கொண்டது. தொட்டியில் கிடந்த கல்லில் போய்ப் போய் உரசியது. தீனி போட்டால் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாள் அதன் தலையிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

எனக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் படிப்பேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், உலகத்தின் எந்த விஷயத்திலும் அரைகுறையாகத் தேறிவிடுவேன். படித்ததில் தெரிந்தது இவ்வளவு. இது வெள்ளைப் புள்ளி நோய். ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து உட்காரும். அதுதான் அந்தப் புள்ளி. தோலுக்குள் இருக்கும்வரை அதை எதுவும் செய்ய முடியாது. முற்றினதும் தானாக உதிர்ந்து தரையில் விழுந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தி வரும்போதுதான் கொல்ல முடியும். தண்ணீரைச் சூடாக்கினால் இந்தச் சுற்று வேகமாக முடியும். தொட்டியின் அடியைத் தினமும் உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் உப்பும் போட்டால் மீன் பிழைக்கலாம். மழைக் குளிரில் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டதால்தான் மீனுக்குத் தெம்பு குறைந்து, ஒட்டுண்ணிக்கு வசதியாகப் போயிற்று.

இதை நான் மனைவியிடம் விரிவுரையாக ஆரம்பித்து, ஒட்டுண்ணியின் குழந்தைப் பருவம் வரை வந்திருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. அவள் எதையும் மறைக்காமல் மீனைக் காட்டினாள். பெரியபாளையத்துப் பெண் திரைக்குள்ளேயே விழுந்துவிடுகிறாற்போல் கிட்டே வந்தாள்.

"ஐயோ மேடம்! முத்து போட்டுக்குது மேடம். அம்மா வந்துக்கிறா!"

"மீனுக்காடி?"

"இன்னா மேடம் மீனு, மனுசன்னு. எனக்கு வந்தப்போ இப்டித்தான் இருந்துச்சி. தாளிக்காதீங்க மேடம். கவுச்சி வாணாம். வாசல்ல வேப்பல சொருவுங்க. ஆருனா வந்தா உள்ள உடாதீங்க. மருந்து ஒண்ணும் ஊத்திடாதீங்க, அம்மா கோச்சிக்குவா."

ஸ்ரீபெரும்புதூர்ப் பெண் சர்ச்சுக்குப் போகிறவள். "மேடம், நான் ஜெபத்துல வெச்சிக்கிறேன் மேடம்" என்றாள். ஒரே அழைப்பில் மீனுக்கு இரண்டு மதங்களின் ஆதரவு கிடைத்தது. அறிவியல் தரப்பில் நான் ஒருவன்தான், அதுவும் கேமராவுக்கு வெளியே.

அன்று சாயங்காலமே வாசலில் வேப்பிலை ஏறியது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க, உங்களுக்கா? அதான் ஒரு மாரியா இருக்கிறீங்க" என்று விசாரித்தார். மீனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கும்பிடு அது.

ரசத்தில் கடுகு நின்றது. மீன் குழம்பு நின்றது. சாதாரண நாட்களில் சூப்பர்வைசரின் கண் எதிரிலேயே வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்ட குடும்பம் நாங்கள். தாளிக்காத பருப்பைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"ஏம்மா, ஃபர்னஸ் பாக்கறவ நீ. இது அம்மைன்னு நீயும் நம்பறியா?"

"நம்பறேன்னு நான் சொன்னேனா?"

"அப்புறம் எதுக்கு எனக்கு இந்தத் தண்டன?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். "நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னு வெச்சிக்குங்க. 'மேடம் தாளிச்சிட்டாங்க, அதான் பூட்ச்சி'ன்னு அதுங்க மனசுல இருக்கக் கூடாது. என் பக்கம் எல்லாம் சரியா இருக்கணும். உங்க ஒட்டுண்ணி வைத்தியமும் நடக்கட்டும். ரெண்டுல ஒண்ணையும் நான் குறை வெக்க மாட்டேன்."

நான் பருப்பை மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். தாளிக்காமலே நன்றாக இருந்ததுபோல் இருந்தது. உப்பும் போடவில்லை என்பதை அவள் பிறகு கவனித்தாள்.

வைத்தியத்தில் எனக்கு ஒதுக்கப்பட்டது, தண்ணீரைச் சூடாக்க வழி தேடும் வேலை. குளிக்கப் பக்கெட்டில் போடும் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு தொட்டியை நெருங்கினேன். "வறுக்கப் போறீங்களா, குழம்பா?" என்றாள். அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, பஜாரில் இருக்கும் மீன் கடைக்குப் போனேன்.

"ஹீட்டரா?" என்று கடைக்காரர் சிரித்தார். "சார், இந்த ஊர்ல மீனுக்கு ஃபேன் கேட்டாக்கூட அர்த்தம் கீது."

"வெள்ளப் புள்ளி வந்திருக்குங்க. தண்ணி ஜில்லுன்னு இருக்குது."

"ஃபைட்டரா? அத உடுங்க சார். புதுசு வந்துக்குது, வாலு இம்மாம் பெருசு. எத்துக்கினு போங்க."

இந்த யோசனையை வீட்டில் சொன்னால், அதே முறையில் புதுக் கணவன் எடுத்துக்கொள்வது பற்றி அவளுக்கும் யோசனை வரலாம் என்று தோன்றியது. மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டியில் கொளத்தூர் போனேன். அங்கே தெருவே மீன் கடை. சின்னத் தொட்டிக்கான ஹீட்டர் ஒன்றும், ஒரு தெர்மாமீட்டரும், அடியில் இருப்பதை உறிஞ்சும் குழாயும் வாங்கிக்கொண்டு, நனைந்த மனிதனாகத் திரும்பினேன்.

ஹீட்டரை நேராக முப்பது டிகிரியில் வைக்கப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உலைல பீஸ ஒரேடியா ஏத்தினா இன்னா ஆவும் தெரியுமா? வெளிய சூடாவும், உள்ள ஜில்லுன்னு இருக்கும். வெடிப்பு உட்டுரும். கொஞ்சம் ஏத்தணும், அந்தச் சூட்டுல ஊற உடணும். அது பழகினதும் இன்னும் கொஞ்சம். இரும்புக்கே அவ்ளோ பொறுமை வேணும்னா இதுக்கு?"

அவள் ஹீட்டரின் குமிழைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் மூத்த டாக்டர் ஒருவர் வருகிறபோது வராந்தாவே கொஞ்சம் அடங்கும். அந்த மாதிரி அறை அடங்கியது. ஹீட்டரில் போட்டிருந்த அளவை அவள் நம்பவில்லை. தெர்மாமீட்டரைத் தொட்டியின் இந்த மூலையில் ஒரு தரம், அந்த மூலையில் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். வேலைக்குப் போகும்போது, எந்தச் சூட்டில் விட்டுப் போகிறாள், மீன் எங்கே இருக்கிறது, எப்போது மூச்சுக்கு மேலே வந்தது என்று ஒரு ஷிப்ட் ஆள் அடுத்த ஷிப்ட் ஆளிடம் ஒப்படைப்பதுபோல் என்னிடம் சொல்லுவாள். நான் திரும்பச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி. என் அலுவலகத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிக்கிறோம். ஒரு கண்டெய்னரைக்கூட இவ்வளவு கவனமாக யாரும் யாரிடமும் ஒப்படைத்து நான் பார்த்ததில்லை.

அடியை உறிஞ்சுவது என் வேலை. குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து இழுத்து, தண்ணீர் வரத் தொடங்கும் நொடியில் பக்கெட்டுக்குள் விட வேண்டும். அந்த நொடி எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒட்டுண்ணியின் எல்லாப் பருவங்களையும் நான் சுவைத்திருக்கிறேன்.

பெரியபாளையத்துப் பெண் நடுவாரத்தில் கூப்பிட்டாள். ஹீட்டரைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள்.

"மேடம்! அம்மை போட்ட ஒடம்ப சூடு பண்றாரா சாரு? கூழு, மோருன்னு குளுமையா வெக்கணும் மேடம். சூடு ஆவவே ஆவாது!"

நான் ஒட்டுண்ணியோடு தயாராக எழுந்தேன். மனைவி கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"ஏண்டி, அம்மன் கோயில்ல தீ மிதிக்கறாங்களா இல்லயா?"

"மிதிக்கறாங்க."

"வேண்டிக்கினு எறங்கறவங்களுக்கு அம்மா இன்னா பண்றா?"

"காப்பாத்தறா."

"அவ்ளோதான். சூப்பர்வைசர் தீ மிதிக்கிறாரு. நான் வேண்டிக்கினேன். போதுமா?"

அப்புறம் அந்தப் பெண் பயபக்தியோடு கேட்டாள்: "உப்பு, மொளவு கொட்றது, மேடம்?"

"உப்பு ஏற்கெனவே போட்டாச்சி. அயோடின் இல்லாத கல்லுப்பு. மொளவு கோயில்ல நீ கொட்டிடு."

நான் இத்தனை வருஷம் வாசித்து, வாதம் என்றால் எதிராளியைக் கீழே தள்ளுவது என்றே நினைத்திருந்தேன். இவள் யாரையும் தள்ளவில்லை. அந்தப் பெண்ணின் அம்மனை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் ஹீட்டரையும் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே சண்டை இல்லை. இதை எந்தப் புத்தகத்திலிருந்து கற்றாள் என்று கேட்டேன். "லைன்ல அம்பது பொண்ணுங்கள வெச்சிக்கினு வேல வாங்கிப் பாருங்க" என்றாள்.

மீனும் லேசுப்பட்டதில்லை. உடம்பு முழுக்கப் புள்ளி இருந்தபோதும், என் குழாய் தொட்டிக்குள் வந்தால் அதன் செவுள்மூடி இரண்டும் விரியும். நீந்தத் தெம்பில்லை. ஆனாலும் முறைக்கும். குழாயை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. அந்த நிலையில் நானாக இருந்தால் குழாயைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

அப்புறம் முறைப்பதும் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் ஹீட்டரைத் தாங்கிக்கொண்டிருந்தது. தொட்டியைச் சுற்றிப் பழைய கம்பளியைக் கட்டியிருந்தாள். மீன் தொட்டியின் அடியில், கல்லுக்குப் பக்கத்தில், ஒருக்களித்துக் கிடந்தது. புள்ளிகள் முன்னைவிட அதிகம். ரொம்ப நேரத்துக்கு ஒருமுறை உடம்பை உந்தி மேலே போய், இந்த ஜாதியின் வழக்கப்படி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, கல் மாதிரி இறங்கியது. அவள் தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டாள்.

"இன்னா பண்ற?"

"மேல வர்ற தூரம் கொறையும் இல்ல?"

மதியம் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. நான் கையை நீட்டினேன்.

"எடுக்காதீங்க."

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் எடுக்காத போனை நான் பார்த்ததில்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பளியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"லைன மூடும்போது அதுங்க என்னத்தான் பாத்துதுங்க. நான் ஏதாவது பண்ணுவேன்னு. நான் இன்னா பண்ண முடியும்? ஒண்ணும் பண்ண முடியல. அப்பக்கூட கோவிக்கலங்க. இத வாங்கிக் குடுத்துட்டுப் போச்சிங்க. இதயும் காப்பாத்தத் தெரியலன்னா எந்த மொகத்த வெச்சிக்கினு..."

பதிலாகச் சொல்ல எனக்கு நிறைய வாக்கியங்கள் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, குழாயை எடுத்து அடியை உறிஞ்சப் போனேன். சரியாக விழுங்கினேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு போனை எடுத்து அவளே கூப்பிட்டாள்.

"பாருங்கடி. இதான் நெலம. நல்லா இல்ல. மறைச்சி வெக்கக் கூடாதுன்னு காட்றேன். பண்ண வேண்டியத பண்ணிக்கினு இருக்கறேன்."

பழுதான துண்டு ஒன்றை அவள் ஒருநாளும் பெட்டிக்கு அடியில் ஒளித்து அனுப்பியதில்லை என்று அந்தப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். திரையில் யாரும் அழவில்லை. "மேடம், நீங்க சாப்ட்டீங்களா?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள்.

நோய் முற்றும்போதுதான் புள்ளிகள் அதிகமாகத் தெரியும், பிறகு உதிரும் என்று நான் படித்திருந்தேன். படித்தது ஒன்று முதல்முறையாக என் வீட்டில் நடந்தது. தலையில் இருந்தவை முதலில் காணாமல் போயின. அப்புறம் துடுப்பில். ஒரு காலையில் மீன் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அவள் ஒரே ஒரு தீனி உருண்டையைப் போட்டாள். மீன் அதைக் கவ்வியது, துப்பியது, யோசித்தது, மறுபடி கவ்வியது. அவள் இரண்டாவது உருண்டையைப் போடவில்லை. "ஒண்ணு போதும். ஆசப்படக் கூடாது" என்றாள். என்னிடமா, மீனிடமா, தன்னிடமா என்று தெரியவில்லை.

புள்ளி போன பிறகும் சூட்டை உடனே குறைக்கவில்லை. தண்ணீரில் குஞ்சுகள் மிச்சம் இருக்கலாம் என்பது என் கட்சி. முத்து இறங்கினாலும் அம்மா கிளம்ப நாளாகும் என்பது பெரியபாளையத்துக் கட்சி. முதல்முறையாக இரு தரப்பும் ஒரே தீர்மானத்துக்கு வந்தோம். தாளிக்காத சமையல் தொடர்ந்தது.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் குளிப்பாட்டி அம்மனை வழியனுப்புவது வழக்கம். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் ஜீவனுக்குத் தலைக்கு ஊற்றுவது எப்படி என்பது என் சந்தேகம். அவள் சந்தேகப்படவில்லை. தொட்டிக்கான புதுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, சூட்டைச் சரிபார்த்து, மெதுவாக ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வேறொரு சொம்பில் இருந்தது. அதில் ஒரு சொட்டுகூட உள்ளே போகவிடாமல், வேப்பங்கொத்தால் தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் தெளித்தாள். மீன் உள்ளேயிருந்து அந்தக் கொத்தைப் பார்த்துத் துடுப்பை விரித்தது.

பெண்கள் எல்லாரும் திரையில் இருந்தார்கள். பெரியபாளையத்துப் பெண் பூக்கடையில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சூளூர்பேட்டைப் பெண், "அம்மாடியோ, சூப்பர்வைசர் எளச்சிட்டாரு" என்றாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், தன் ஜெபத்துக்கும் இதில் பங்கு உண்டென்று எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்தாள். சத்தம் அடங்கினதும் என் மனைவி, கொத்தை வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏய், மீனுன்னா என்னிக்காவது ஒரு நாள் போறதுதான். இந்த ஜாதிக்கு ஆயுசும் கம்மி. அப்பவும் கூப்புடுவீங்களா?"

"இன்னா மேடம் நீங்க" என்றாள் பூக்கடைக்காரி. "நாங்க மீனப் பாக்கவா கூப்புடறோம்? போன எடுத்ததும் நீங்க மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறீங்க, கூச்சப்படறீங்க. மீனக் காட்டுங்கன்னா ஒடனே திருப்பறீங்க. அப்புறம் பேச்சு வருது. உங்ககிட்ட திட்டு வாங்காம வாரம் ஓட மாட்டேங்குது மேடம்."

என் மனைவி போனைத் திருப்பித் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பெண்களுக்குத் திரையில் சூப்பர்வைசர் மட்டும் ரொம்ப நேரம் தெரிந்திருக்கும். அவர்களும் வேறு எதையும் காட்டச் சொல்லவில்லை. அவள் முகம் இந்தப் பக்கம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.